பொடிசுகளுக்கு ஓட, தாவ, பந்து புடிக்க வெளாட்டுலயே சொல்லிக்குடுக்கறது எப்படிங்க?

காங்கயம் ரோட்டுக்காரி:
எல்லாருக்கும் வணக்கமுங்க. திருப்பூர்ல இருந்து காங்கயம் போற ரோட்டுல ஒரு லைன் வீட்டுல இருக்கறோம். முன்னால பெரிய வாசல், அதத் தாண்டி காலி எடம் கெடக்குது, புள்ளைக வெளாடிக்கட்டும்னு ஓனரு சொல்லிட்டாரு. நாலு வயசுல இருந்து ஏழு வயசு வரைக்கும் பத்துப் பதினஞ்சு பொடிசுக இருக்குதுங்க, அப்பா அம்மா எல்லாருக்கும் பனியன் கம்பெனி ஷிப்டு, வரதுக்கு எட்டு மணி ஆயிரும், அது வரைக்கும் புள்ளைக போனுதான். நான் வீட்டுல இருந்தே பிசிறு வெட்டறேன், அதனால பொழுதோட அஞ்சுல இருந்து ஆறு வரைக்கும் நானே பாத்துக்கறேன்னு சொல்லிப்போட்டேன்.

என்ற பையன் ஒண்ணாங்கிளாசு. ஒத்தக் கால்ல ரெண்டு தாவு தாவ முடியல, பந்து வந்தா கண்ண மூடிக்கறான். அவன் மட்டும் இல்லீங்க, பாதிப் புள்ளைக அப்படித்தான். உடற்பயிற்சின்னு சொல்லி வரிசையா நிக்க வெச்சா அஞ்சு நிமிசத்துல ஓடிப்போயிருதுக. வெளாட்டு மூலமாவே இதெல்லாம் வரவைக்கணும், எந்த வயசுக்கு என்ன வெளாட்டு வைக்கலாம்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நொய்யல்கரை:
நல்ல மனசுங்க உங்களுக்கு. ஆனா உங்களுக்கு ஏங்க இந்தச் சோலி, இப்ப எல்லா ஊர்லயும் கிரிக்கெட் கோச்சிங், ஸ்கேட்டிங், கராத்தேன்னு இருக்குது, நாலு வயசுலயே சேத்துக்கறாங்க, முறையா கத்துக்குடுப்பாங்க. நாம எதையாவது சொல்லிக்குடுத்து தப்பா படிஞ்சு போச்சுன்னா பொறகு மாத்தறது செரமம். என்ற பொண்ண ஸ்கேட்டிங்ல விட்டிருக்கேன், நல்லாத்தான் போகுது.

பெருந்துறை பி.டி. வாத்தியார்:
அம்மிணி, நீங்க கேட்டது நல்ல கேள்வி. ரிட்டயர்டு ஆகறவரைக்கும் சின்னப் புள்ளைகளோடதான் கெடந்தேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

மொதல்ல நொய்யல்கரை தம்பிக்கு. ஸ்கேட்டிங் நல்லதுதானுங்க, ஒண்ணும் சொல்லல. ஆனா நாலஞ்சு வயசுல ஒரு புள்ளைக்கு வேண்டியது ஒரே ஒரு வெளாட்டு இல்ல. ஓட, சட்டுனு நிக்க, திரும்ப, குதிக்க, ஒத்தக் கால்ல தாவ, உருள, எறிய, புடிக்க, ஒதைக்க, தடுமாறாம நிக்க, இத்தனையும் வேணும். இதெல்லாம் வாசிக்கறதுக்கு முன்னால அ ஆ படிக்கற மாதிரி, பின்னால கபடிக்குப் போனாலும் கிரிக்கெட்டுக்குப் போனாலும் இதுதான் அடியில கெடக்கும். வாரத்துல ரெண்டு நாள் கோச்சிங்ல பேட்டுக்காக வரிசையில நின்னு காத்துக்கிட்டு இருக்கற நேரத்தக் கழிச்சுப் பாருங்க, உடம்பு அசையற நேரம் கொஞ்சமாத்தான் வரும். 3, 4 வயசுப் புள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 180 நிமிசமாவது உடம்பு அசையணும், அதுல 60 நிமிசம் நல்லா மூச்சு வாங்கற மாதிரி இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2019ல சொல்லியிருக்குது. அஞ்சு வயசுக்கு மேல போனா தினம் சராசரியா 60 நிமிசம் அப்படி மூச்சு வாங்க வெளாடணும். அத்தனை நேரத்துக்கு எந்தக் கோச்சிங்கும் தாங்காது, வாசல்ல ஒட்டுக்கா வெளாடுனாத்தான் ஆகும்.

இப்ப அம்மிணிக்கு. நீங்க எந்த வெளாட்ட வேணா எடுங்க, ஒண்ண மட்டும் விடாதீங்க: யாரையும் அவுட்டுன்னு சொல்லி உக்கார வைக்காதீங்க. ஓடிப்புடிச்சு வெளாட்டுல மொதல்ல அவுட் ஆகறது யாருன்னு நின்னு பாருங்க. எந்தப் புள்ளைக்கு ஓட்டம் வரலையோ, எது திரும்பறப்பத் தடுமாறுதோ அதேதான். எதுக்கு ஓடிப் பழகறது ரொம்ப வேணுமோ அது திண்ணையில உக்காந்துரும், நல்லா ஓடறது இன்னும் ஓடும். தினம் இப்படியே போனா ரெண்டுக்கும் நடுவுல தூரம் எச்சாத்தான் ஆகும், கொறையாது. பொறகு அந்தப் புள்ள "எனக்கு வெளாடப் புடிக்கல"ன்னு சொல்லும், நாமளும் அதுக்கு ஆசையில்லைன்னு நெனச்சுக்குவோம்.

அப்பாரு தோட்டம்:
வாத்தியாரே, நீங்க சொல்றது செரிதான், ஆனா தோக்கறதையும் புள்ளைக பழகணுமில்லீங்களா? நாங்க சின்னப்பசங்களா இருக்கறப்போ களத்துல வெளாடுனா அவுட்டுன்னா அவுட்டுதான், அழுதாலும் விடமாட்டாங்க. இப்பப் புள்ளைகளுக்கு எதுக்கெடுத்தாலும் தொட்டாச்சிணுங்கியாட்ட ஆகிப்போச்சு.

பெருந்துறை பி.டி. வாத்தியார்:
அண்ணா, உங்க களத்துலயே நாலு வயசுக் கொழந்தைக்கு என்ன பண்ணுனீங்கன்னு நெனச்சுப் பாருங்க.

அப்பாரு தோட்டம்:
அட ஆமாங்க, ஒப்புக்குச் சப்பாணி! பெரிய பசங்க கபடியோ கிளித்தட்டோ வெளாடுனா தம்பி தங்கச்சிகளை ஒப்புக்குச் சப்பாணியா சேத்துக்குவோம். அதுகளத் தொட்டாலும் அவுட் கெடையாது, கூடவே ஓடுங்க, கத்துங்க, கோட்டத் தாண்டுங்க. ரெண்டு மூணு வருசம் அப்படியே ஓடி ஓடி ஒரு நாள் பாத்தா அதுகளே டீமுல நின்னுட்டு இருக்கும். யாரும் ஒக்காத்தி வெச்சுச் சொல்லிக்குடுத்ததே இல்ல.

பெருந்துறை பி.டி. வாத்தியார்:
அதேதானுங்க அண்ணா. நம்மூரு வெளாட்டுல அந்த வழி ஏற்கெனவே இருந்துச்சு. எட்டு வயசுக்கு மேல தோத்துப் பழகட்டும், ஜெயிச்சும் பழகட்டும். அதுக்கு முன்னால எல்லாப் புள்ளையுமே ஒப்புக்குச் சப்பாணிதான்னு வெச்சுக்கங்க.

உடுமலை அங்கன்வாடி அக்கா:
நான் அங்கன்வாடியில இருக்கறேனுங்க, என்ற அனுபவத்துல நடக்கறதச் சொல்றேன். நாங்க எச்சா வைக்கறது லாக் அண்ட் கீ. தொட்டா கையக் கால அசைக்காம நிக்கணும், வேற ஒருத்தர் வந்து தொட்டா மறுபடியும் ஓடலாம். யாருக்கும் உக்கார வேல இல்ல, அசையாம நிக்கறதே ஒரு பயிற்சிதான். கொஞ்சம் பழகுனதும் ஒத்தக் கால்ல நில்லு, கைய விரிச்சு நில்லுன்னு மாத்திக்குவோம், அதுக தெரியாமயே பேலன்ஸ் வந்துருது.

வாலு புடிக்கற வெளாட்டும் வைக்கலாங்க. திருப்பூர்க்காரங்களுக்கு பனியன் வேஸ்ட் துணிக்கு என்ன பஞ்சம்! ஒரு முழம் நீளத்துக்குக் கிழிச்சு பின்னால டவுசர் எலாஸ்டிக்குல சொருகி விட்டா அதுதான் வாலு. அடுத்தவங்க வால உருவணும், உன்ற வாலு போகாமப் பாத்துக்கணும். வாலு போனா அவுட் இல்ல, எங்கிட்ட ஓடி வந்தா இன்னொண்ணு சொருகி விட்டுருவேன். கட்டி விடாதீங்க, சொருகத்தான் வேணும், இழுத்தா லேசா வந்துரணும். தள்றது, சட்டையப் புடிச்சு இழுக்கறது எல்லாம் இதுல பாதி கொறஞ்சிருதுங்க, ஏன்னா கண்ணு பூரா வாலு மேலதான். சுத்திச் சுத்தித் திரும்பறது, பக்கவாட்டுல நகர்றது, தலையத் தூக்கிப் பாத்து ஓடறது எல்லாம் தானா வருது.

கல்லா மண்ணாவும் சின்னதுகளுக்கு அருமையான வெளாட்டு. மண்ணுன்னு சொன்னவன் மண்ணுல நிப்பான், மத்தவங்க கல்லு மேல, திண்ணை மேல. எறங்கி வந்து வம்பிழுத்துட்டு, அவன் தொடறதுக்குள்ள மறுபடியும் ஏறிக்கணும். ஏறு, எறங்கு, குதி, ஓடு எல்லாமே அதுல இருக்குது. ஒசரம் மட்டும் கொழந்தையோட முட்டிக்கு மேல போகாமப் பாத்துக்கங்க.

காங்கயம் ரோட்டுக்காரி:
அக்கா, வாலு வெளாட்டு நாளைக்கே வெச்சுர்றேன், துணி எங்கூட்டுலயே மூட்டை மூட்டையாக் கெடக்குது! வாத்தியாரய்யா, குலைகுலையா முந்திரிக்கா வைக்கலாங்களா? அது எல்லாத்துக்கும் தெரிஞ்சதா இருக்குது. அப்பறம் அந்த ஒத்தக்கால் தாவறதும் பந்தும்?

பெருந்துறை பி.டி. வாத்தியார்:
குலைகுலையா முந்திரிக்கா வைங்க, ஆனா பதினஞ்சு பேர ஒரே வட்டத்துல உக்கார வெச்சா ரெண்டு பேரு ஓடறப்போ பதிமூணு பேரு சும்மா உக்காந்திருப்பாங்க. அஞ்சு அஞ்சு பேரா மூணு வட்டம் போட்டுருங்க. வட்டம் சின்னதாறதுனால திரும்பற வளைவும் கூடும், அடிக்கடி முறை வரும், யாருக்கும் அலுப்புத் தட்டாது. பூப்பறிக்க வருகிறோமும் நல்லது. கைகோத்து முன்னால வந்து பின்னால போறப்போ பின்னுக்கு நடந்து பழகுது, கடைசியில கோட்டுக்கு அந்தப்பக்கம் இழுக்கறப்போ காலு ஊணற பலம் வருது. புடுச்சிழுக்கறது மணிக்கட்டுல வேண்டாம், ரெண்டு பேரும் ஆளுக்கு ஆளு முழங்கையப் புடிச்சுக்கட்டும், சின்னப் புள்ளைகளுக்கு கைய வெடுக்குனு இழுத்தா முழங்கை பெசகிரும்.

கோகோவும் வைக்கலாம், ஆனா சட்டம் பூராவையும் இப்பவே கொண்டுவராதீங்க. பெரியவங்க ஆட்டத்துல எட்டுப் பேரு வரிசையா உக்காந்திருப்பாங்க, ஒருத்தரு தொரத்துவாரு, தொரத்தறவரு திசை மாத்தக் கூடாது. ஆறு வயசுக்கு அந்தத் திசைச் சட்டம் மண்டையில ஏறாது. அத விட்டுப்போட்டு, உக்காந்த எடத்துல இருந்து "கோ" சொன்னதும் எந்திரிச்சு ஓடறத மட்டும் வைங்க. குந்தி உக்காந்து வெசையா எந்திரிக்கறதுல காலுக்கு வர்ற பலம் வேற எதுலயும் அத்தனை வராது.

ஒத்தக் கால் தாவறதுக்கு நேரா பாண்டி வெளாட்டுக்குப் போகாதீங்க. சில்ல எறியணும், கோட்ட மிதிக்காமத் தாவணும், குனிஞ்சு எடுக்கணும், வராத புள்ளைக்கு மூணையும் ஒண்ணாக் குடுத்தா மூணும் போயிரும். மொதல்ல ரெண்டு காலும் சேத்துக் குதிக்கறது. தரையில சாக்பீசுல ரெண்டு கோடு போட்டு வாய்க்கால்னு சொல்லுங்க, ஒரு பக்கம் குறுகலா, இன்னொரு பக்கம் அகலமா. எந்த எடத்துல தாண்டணும்னு அதுகளே பாத்துக்கும், வர்ற புள்ள தானா அகலத்துக்கு நகரும், வராத புள்ள குறுகல்லயே தாண்டும், ரெண்டுமே தாண்டியாச்சு. "முட்டிய மடக்கி எறங்கு"ன்னு சொன்னா அதுக நம்ம மூஞ்சியத்தான் பாக்கும். "சத்தம் கேக்காமக் குதி, பூனைக்குத் தெரியக்கூடாது"ன்னு சொல்லுங்க, முட்டி தானா மடங்கும். எதையுமே ஒரு நேரத்துல ஒண்ணுதான் சொல்லணும், சொல்றதவிட நீங்க செஞ்சு காட்டறதுதான் சீக்கிரம் ஏறும். பொறகு செவுத்தப் புடிச்சுட்டு ஒத்தக் கால்ல நிக்கறது, பொறகு கூட்டாளி கையப் புடிச்சுட்டு நொண்டி, கடைசியாப் பாண்டி. எல்லாத்தையும் ரெண்டு காலுலயும் பண்ணச் சொல்லுங்க.

கோவை பிசியோ:
வயசப் பத்தி நான் ஒண்ணு சேத்திக்கறேனுங்க. நாலு வயசுல ஒத்தக் கால்ல ரெண்டு மூணு தாவு வர ஆரம்பிக்கும், அஞ்சு வயசுல பெரும்பாலான புள்ளைக தொடர்ந்து தாவிரும். கால மாத்தி மாத்தித் துள்ளிக்கிட்டே போறது அஞ்சு ஆறு வயசுலதான் வரும், அது வரைக்கும் ஒரே கால முன்னால வெச்சுக் குதிரையாட்ட ஓடும், அது கொறை இல்ல, அதுதான் முன்படி. புள்ளைக்குப் புள்ள ஆறு மாசம் ஒரு வருசம் முன்னப்பின்ன இருக்கும், பக்கத்து வீட்டுப் புள்ளையோட ஒப்பிடாதீங்க.

ஆனா சிலத விட்டுறக் கூடாது. அஞ்சு வயசு தாண்டியும் காரணமில்லாம அடிக்கடி விழுகறது, நுனிக்கால்லயே நடக்கறது, ஒரு பக்கத்துக் கை கால மட்டும் பயன்படுத்தறது, முன்னால வந்துட்டு இருந்தது இப்ப வராமப் போறது, இதுல எது இருந்தாலும் கொழந்தை டாக்டரப் பாருங்க. முக்கியமா தரையில இருந்து எந்திரிக்கறப்போ தொடையில கைய ஊணி ஊணி உடம்ப மேல ஏத்துதுன்னா தள்ளிப்போடாதீங்க. 2013ல ஆரம்பிச்ச ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய கார்யக்ரம்ங்கற திட்டத்துல அங்கன்வாடிக்கும் கவர்மெண்ட் ஸ்கூலுக்கும் டாக்டர் டீம் வரும், 18 வயசு வரைக்கும் பாப்பாங்க, மேல பாக்க வேண்டியிருந்தா மாவட்டத்துல இருக்கற மையத்துக்கு அனுப்புவாங்க, செலவு இல்ல. உங்க பையன் தாவ மட்டும்தான் செரமப்படறான்னா வெளாட்டே போதும்னுதான் எனக்குப் படுது, கொஞ்ச மாசம் பாத்துட்டு மாத்தமே இல்லைன்னா காட்டுங்க.

பெருந்துறை பி.டி. வாத்தியார்:
டாக்டரம்மா சொன்னத எல்லாரும் குறிச்சு வெச்சுக்கங்க.

பந்துக்கு வாரேன். கண்ண மூடறது பயத்துலங்க, பந்து அடிச்சிரும்னு பயம். ரப்பர் பந்து, டென்னிஸ் பந்து எல்லாத்தையும் கொஞ்ச நாளைக்கு எடுத்து வெச்சிருங்க. மொதல்ல மெல்லிசான துண்ட மேல வீசி விட்டுக் கையில வாங்கட்டும், துண்டு மெதுவா எறங்கும், கண்ணு கூடவே வரும். பொறகு பந்த உருட்டி விடறது, ரெண்டு பேரும் கால விரிச்சு உக்காந்துட்டு ஒருத்தருக்கொருத்தரு உருட்டட்டும். பொறகு ஒருக்கா தரையில பட்டு எகிறுனதப் புடிக்கறது. நேரா வர்றதப் புடிக்கறது கடைசி. நெஞ்சோட அணைச்சுப் புடிச்சா அணைச்சுப் புடிக்கட்டும், சின்ன வயசுல எல்லாப் புள்ளையும் அப்படித்தான் புடிக்கும், வெரலால புடிக்கறது ஆறேழு வயசுல வரும்.

எறியறது இதுக்கு நேர் எதிரு. பக்கத்துல கூடைய வெச்சு "குறி பாத்துப் போடு"ன்னா புள்ளைக கைய மட்டும் நீட்டித் தள்ளும், உடம்பு திரும்பாது. தூரமா, பலமா எறியச் சொல்லுங்க. பலமா எறியறப்போதான் எதிர்க்கால் முன்னால வரும், இடுப்பு திரும்பும். குறி பொறகு பாத்துக்கலாம்.

பல்லடம் நிட்டிங்:
எங்க நிட்டிங்ல நூலு ஓடி முடிஞ்ச பேப்பர் கோனு நெறைய மீறுதுங்க. அத அடுக்கி வெச்சு எறிஞ்சு விழுத்தலாம், எல்லக்கோட்டுக்கு நட்டு வைக்கலாம், நடுவுல வளைஞ்சு வளைஞ்சு ஓடச் சொல்லலாம், மேல கால வெச்சாலும் நசுங்குமே தவிர அடிபடாது. பந்துக்கு பனியன் துணிய இறுக்கமா சுருட்டி மேல ஒரு சாக்ஸ மாட்டித் தெச்சுருங்க. பலூன் வேண்டாமுங்க, ஆடிக்காத்துக்கு நம்ம பக்கம் நிக்கவே நிக்காது, பாலக்காட்டுக் கணவாயில இருந்து வர்ற காத்து பலூனை அடுத்த காட்டுல கொண்டுபோய்ப் போட்டுரும்.

கோவை பிசியோ:
பலூனை இன்னொரு காரணத்துக்கும் தவிருங்க. ஒடஞ்ச பலூன் துண்டு சின்னதுக தொண்டையில சிக்குனா மூச்சடைச்சிரும்.

நொய்யல்கரை:
வாத்தியாரய்யா, கோச்சிங்ல வரிசையில நிக்கற விசயம் நெசந்தானுங்க, இன்னைக்கு நின்னு பாத்தேன். ஸ்கேட்டிங் நிறுத்தமாட்டேன், அவளுக்குப் புடிச்சிருக்குது, ஆனா மத்த நாள்ல எங்க தெருவுலயும் வாலு வெளாட்டு வைக்கலாம்னு இருக்கறேன். ஒரு சந்தேகம், எங்க தெருவுல பொம்பளப்புள்ளைக அஞ்சாறு பேரு வாசப்படியிலயே நிக்குதுங்க, வரச்சொன்னா பாட்டிமாருக விடமாட்டேங்கறாங்க.

உடுமலை அங்கன்வாடி அக்கா:
தம்பி, பாட்டிமாருகளோட சண்டை கட்டாதீங்க, அவங்களையே கூப்புடுங்க. "ஆத்தா, நீங்க பூப்பறிக்க வருகிறோம் எப்படி வெளாடுவீங்க, வந்து காட்டுங்க"ன்னு கேட்டுப் பாருங்க. எங்க சென்டர்ல ஒரு ஆத்தா அப்படித்தான் பேத்திய விடாம இருந்தாங்க, இப்ப அவங்கதான் எனக்கு முன்னால வந்து கோடு போடறாங்க. புள்ளைகளுக்கு உள்ள ஒரு டைட்ஸ் போட்டு விடச் சொல்லுங்க, கவுனோட ஓடக் கூச்சப்பட்டே பாதிப் புள்ளைக உக்காந்திருக்கும். குண்டுப் புள்ள, கால் சாய்ச்சு நடக்கற புள்ள யாரும் வெளிய நிக்கக் கூடாது, தொரத்தறவங்களை ஜோடியாக் கைகோத்து ஓடச் சொல்லிட்டா வேகம் எல்லாத்துக்கும் ஒண்ணாயிரும்.

காங்கயம் ரோட்டுக்காரி:
மூணு நாளா வாலு வெளாட்டுதானுங்க, போனைக் கேக்கறதையே மறந்துட்டாங்க! எடத்த நேத்து நானும் ரெண்டு அக்காமாரும் கூட்டி நெருஞ்சி முள்ளு எல்லாம் பொறுக்கிட்டோம். ஆனா ஒரு சண்டை, என்ற வாலத்தான் எல்லாரும் உருவறாங்கன்னு ஒரு பொண்ணு அழுகுது. இன்னொண்ணு, புள்ளைகளுக்கு வருதா வரலையான்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது? எல்லாம் கும்பலா ஓடுதுக.

பெருந்துறை பி.டி. வாத்தியார்:
அந்தப் பொண்ணுக்கு ரெண்டு வாலு சொருகி விடுங்க, இல்ல எல்லக்கோட்டுக்கு உள்ள அவளுக்குன்னு ஒரு வட்டம் போட்டுருங்க, அதுக்குள்ள நின்னா யாரும் தொடக்கூடாது, பத்து எண்ணுனதும் வெளிய வரணும். பழகுனதும் அவளே வட்டம் வேண்டாம்பா.

கும்பலைப் பாக்காதீங்க, ஒரு நாளைக்கு ரெண்டு புள்ளைய மட்டும் பாருங்க, அதுலயும் காலப் பாருங்க. சட்டுனு நிக்கச் சொன்னா எத்தன எட்டு வெச்சு நிக்குது, குதிச்சு எறங்குனதும் முன்னால கை ஊணுதா, ஓடறப்போ கண்ணு தரையிலயா எதுர்லயா. நோட்டுல எழுதி வெச்சா நல்லது, மார்க்கு மட்டும் போட்டுறாதீங்க, புள்ளைக முன்னால சொல்லவும் வேண்டாம். யாரு ஜெயிச்சாங்கன்னு கேட்டா, எத்தன வாலு புடிச்சீங்கன்னு கேளுங்க, நேத்தைக்கு எத்தன புடிச்சேன்னு அதுகளே சொல்லும்.

இன்னும் ஒண்ணு, அலுத்துப்போற வரைக்கும் ஒரே வெளாட்ட இழுக்காதீங்க. நல்லா சூடு புடிச்சு இருக்கறப்பவே மாத்திருங்க. வாலுல இருந்து வாய்க்கால், வாய்க்கால்ல இருந்து துண்டு. பங்குனி சித்திரையில அஞ்சு மணிக்கே வெய்யில் குத்தும், அப்ப அஞ்சரைக்கு மேல ஆரம்பிங்க, நடுவுல தண்ணி குடிக்க நிறுத்துங்க.

காங்கயம் ரோட்டுக்காரி:
செரிங்கய்யா, நாளைக்கு வாய்க்கால் போடறேன். பல்லடம் அண்ணா, அந்தக் கோனு ஒரு மூட்டை கெடைக்குங்களா? எங்கூட்டுக்காரரு ஞாயித்துக்கெழமை அந்தப்பக்கம்தான் வாராரு.

பல்லடம் நிட்டிங்:
வரச்சொல்லுங்க, எடுத்து வெச்சிருக்கறேன். காசெல்லாம் வேண்டாம். விளிம்பு பிசுறடிச்சதத் தனியா எடுத்துட்டு நல்லதாப் பாத்துக் கட்டி வைக்கறேன்.